புதுப்பிப்பு: காலை எஸ்பிரெசோ புளித்த சிக்கல்

சென்னையில் ஒரு சங்கிலித்தொடர் காப்பிக் கடையில் காப்பி தயாரிக்கும் பாரிஸ்டாவாகப் பணிபுரியும் நான், காலையில் எடுக்கும் எஸ்பிரெசோ (வெந்நீரை அழுத்தத்தில் செலுத்தி எடுக்கும் அடர்காப்பி) மட்டும் புளிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் கூறியபடி அரைவையைச் சற்று நைசாக்கியதும், தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த வடிசாறு 25 முதல் 30 நொடிக்குள் நிதானமாக இறங்கத் தொடங்கி, புளிப்பும் அடங்கிவிட்டது. காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப அரைவை மாறுவதால், கடை திறந்ததும் முதல் ஷாட்டை (ஒருமுறை எடுக்கும் எஸ்பிரெசோவை) எடைபோடுகிறேன்: 18 கிராம் தூளுக்கு 36 கிராம் வடிசாறு.

தீராதது பால்தான். 65 டிகிரியைத் தாண்டினால் நுரையின் மென்மையும் பாலின் இனிப்பும் குறையும் என்று பயிற்சியில் சொல்லித்தந்திருக்க, ஆவி பறக்கும் ஃபில்டர் காப்பிக்குப் பழகியவர்கள் கப்புச்சினோவை (நுரைத்த பால் சேர்த்த எஸ்பிரெசோவை) ஆறிப்போனதென்று திருப்பித் தருகிறார்கள் (அவர்களைக் குறை சொல்வதற்கில்லை). இப்போதைக்குக் கோப்பையை வெந்நீரால் சூடாக்கியும், கூடுதல் சூடு வேண்டுமா என்று ஆர்டரின்போதே கேட்டும் சமாளிக்கிறேன். மேலாளரும் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.