சைட்கார் வண்டியோடு நடந்தது, மறக்க முடியாதது: எழுதுங்கள்

செந்தூல்வாசி:
மாமாவின் பி.எம்.டபிள்யூ ஆர் 60/2 மோட்டார் சைக்கிள். இடப்பக்கம் சைட்கார், ஆள் உட்காருகிற ஒற்றைச் சக்கரப் பெட்டி. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் இருந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சைட்காரில் ஆள் இருக்காது, 25 கிலோ மணல் மூட்டை ஒன்று எப்போதும் கிடக்கும். எனக்கு அப்போது 22 வயது. படம் எடுக்க வேண்டும் என்று வண்டியைக் கேட்டேன். ஹெட்லைட்டில் குத்துகிற அந்த ஆணிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மூட்டைய மட்டும் எறக்காத."

இறக்கினேன். படத்தில் கோணி மூட்டையா தெரிய வேண்டும்?

உலு யாம் சாலை, இடப்பக்க வளைவு. சைட்கார் சக்கரம் என் முழங்கால் உயரத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தேன். எதிர்த்தடத்துக்குப் போய்விட்டதும், முன்னால் லாரி வந்ததும் அப்புறம்தான் தெரிந்தது. லாரிக்காரர் புல்லில் இறக்கி நிறுத்திவிட்டார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காலி சைட்காரை எட்டிப் பார்த்தார், நேராக லோங்காங், அதாவது சாலையோரச் சாக்கடை, பக்கம் ஓடிக் குனிந்து தேட ஆரம்பித்தார். உள்ளே இருந்த ஆள் விழுந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். யாரும் இல்லை, யாரும் இல்லை என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். கை நடுங்கியது, அவருக்கு.

மாமாவிடம் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுவாரம் பார்த்தால் மூட்டையைக் கம்பி போட்டு சீட்டோடு கட்டியிருந்தார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

பட்டர்வொர்த் பையன்:
நான் பார்த்தது தலைகீழ். வெள்ளைக்கார ஜோடி, ஊரால் என்கிற ரஷ்ய வண்டி, அவர்கள் ஊர் வழக்கப்படி சைட்கார் வலப்பக்கம். பினாங்கில் தெலுக் பஹாங் போகிற வழியில் ஒரு பஸ் பின்னால் மாட்டிக்கொண்டார்கள், நான் அவர்களுக்குப் பின்னால். நம் சாலையில் ஓட்டுகிறவர் ஓரத்தில் இருப்பார், சைட்காரில் இருப்பவர் நடுக்கோட்டுப் பக்கம். பஸ் மறைப்பதால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, சைட்காரில் இருந்த அந்த அம்மாவுக்குத்தான் எதிரே வருவது தெரியும். அந்த அம்மா கையை ஓட்டுகிறவரின் முழங்காலில் வைத்திருந்தார். கை இருக்கும் வரை வண்டி பஸ்ஸை முந்தவில்லை. கை எழுந்தது, வண்டி வெளியே வந்தது. அவ்வளவுதான். தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோது பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தால் கையை எடுக்க மாட்டேனே" என்றார். பழைய பி.எம்.டபிள்யூவைத்தானே பெயிண்ட் மாற்றி ஊரால் என்று விற்கிறார்கள், அதுவே இவ்வளவு தூரம் வந்துவிட்டது!

ரவாங் போமன்:
பெயிண்ட் மாற்றவில்லை தம்பி. 1938இல் வந்த பி.எம்.டபிள்யூ ஆர் 71ஐப் பார்த்து ரஷ்யர்கள் எம்-72 செய்தார்கள், 746 சிசி, சைடு வால்வு, அதாவது வால்வு சிலிண்டர் பக்கத்தில். 1941இல் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியதும் தொழிற்சாலையை ஊரால் மலைப் பக்கம் இர்பித் ஊருக்கு மாற்றினார்கள். பழைய பீர் ஆலை ஒன்றில்தான் வேலை நடந்தது. பிறகு வந்த ஊராலில் எல்லாம் ஓவர்ஹெட் வால்வு, வால்வு சிலிண்டர் தலையில். இதெல்லாம் தெரிந்து எழுத வேண்டும்.

செந்தூல் தம்பிக்கு. மூட்டை மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த ஏர்ல்ஸ் ஃபோர்க்கில் இரண்டு ஓட்டை உண்டு, ஒன்று தனி வண்டிக்கு, ஒன்று சைட்காருக்கு. மாற்றி மாட்டியிருந்தால் ஹேண்டல் கல்லு மாதிரி இருக்கும். சைட்கார் சக்கரத்தின் முன்பக்கம் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் வண்டிப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், நூல் பிடித்துப் பாருங்கள். திராட்டல் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போகும், கை பழகியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட எண்ணெய்! இந்த எஞ்சினில் ஃபில்டர் கிடையாது. பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் தண்டில் இரண்டு தகட்டு வட்டு இருக்கிறது, அழுக்கைச் சுழற்றிப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நிறைந்துவிட்டால் பிக் எண்டுக்கு, அதாவது பிஸ்டன் கம்பி கிராங்க்கோடு சேரும் பேரிங்குக்கு, எண்ணெய் போகாது. வெளியே ஒரு சத்தமும் வராது, வந்தால் கதை முடிந்தது. கிராங்க்கை வெளியே எடுத்தால்தான் சுத்தம் செய்ய முடியும். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் பக்கமும் மறக்க வேண்டாம்.

என் கதை: காராக் மேட்டில் பிக் எண்ட் போய்விட்டது. லாரியில் ஏற்றி வீட்டுக்கு வந்தேன்.

செந்தூல்வாசி:
அண்ணே, நான் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் படித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஃபோர்க் சைட்கார் ஓட்டையில்தான் இருக்கிறது. நூலும் பிடித்தேன், சரியாக இருக்கிறது. மாமா எல்லாம் பார்த்துத்தான் வைத்திருந்தார். அவர் தவறி நான்கு வருஷம், வண்டி இப்போது என்னிடம். கிராங்க்கைத் திறந்ததே இல்லை, அது வேறு இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது, நன்றி.

கம்பி துருப்பிடித்துவிட்டது, அவிழ்க்கவில்லை. என் மகள் மூட்டை மேல் உட்கார்ந்துதான் வருகிறாள்.