ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) காருக்கு எந்த எண்ணெய், எங்கே கிரீஸ்?

தண்டையார்பேட்டை தம்பி: 1/10 பக்கி (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, மண்தரையில் ஓட்டும் ஆர்சி கார்) வைத்திருக்கிறேன். காசிமேடு பக்கம் கடற்கரை மணலில் ஓட்டியதிலிருந்து சக்கரத்தில் கரகரவென்று சத்தம். எல்லா இடத்திலும் கிரீஸ் தடவியிருந்தேன், தப்பா?

ராயபுரம் ரேசர்: தப்புதான் தம்பி. திறந்திருக்கும் ஸ்பர் (பெரிய பல்சக்கரம்), பினியன் (மோட்டாரில் இருக்கும் சின்ன பல்சக்கரம்) பற்களில் கிரீஸ் இருந்தால் மணல் ஒட்டி, உப்புத்தாள் போல பல்லைத் தேய்த்துவிடும். அதைத் துடைத்துவிட்டுக் காய்ந்தபடியே ஓட்டுங்கள். சக்கர பேரிங்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும், அதனால் கடற்கரையில் ஓட்டிய அன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை தம்பி: சரி அண்ணா. ஷாக் அப்சார்பரில் பைக் இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?

எண்ணூர் மெக்கானிக்: வேண்டவே வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஷாக்கில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சிலிகான் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஊதிவிடும், நான் அப்படி ஒரு செட்டையே இழந்தேன். ஷாக்குக்கும் சீல் வைத்த டிஃபுக்கும் (டிஃபரன்ஷியல், இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) சிலிகான் ஆயில்தான், வெயிலில் சூடானாலும் அது அவ்வளவாக இளகாது. ஷாக்குக்கு 30 அல்லது 35 வெயிட்டில் (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) ஆரம்பியுங்கள். டிஃபுக்கு அதைவிடப் பல மடங்கு கெட்டியானது வேண்டும், உங்கள் காரின் மேனுவலில் எண் இருக்கும்.

தண்டையார்பேட்டை தம்பி: இன்றைக்கே பிரித்துக் கழுவுகிறேன், ரொம்ப நன்றி அண்ணா.