மாமாங்கத் தீர்த்தத்துக்குக் குடும்பமாக வருகிறோம்: எப்போது வருவது, எங்கே சாப்பிடுவது?

வவுனியா மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வவுனியாவில் இருக்கிறோம். என் கணவரின் ஊர் களுவாஞ்சிகுடி. படிப்பு, வேலை என்று சின்ன வயதிலேயே ஊரை விட்டு வந்துவிட்டார். மாமா காலமாகி ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. இந்த ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோவில் குளத்தில் தீர்த்தமாடி, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று கணவர் நிற்கிறார். மாமியும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் இரண்டு பேர், மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு.

பிள்ளைகளுக்கு மாமாங்கம் என்றால் திருவிழாக் கடைகள்தான். ராட்டினம், காப்புக்கடை, தும்பு முட்டாஸ் என்று அப்பா சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மாமிக்கோ அது பிடிக்கவில்லை. "செத்த மனுசனுக்குக் காரியம் செய்யப் போற இடத்தில கடை கடையாத் திரியிறதா?" என்கிறார். அவர் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகளை ஏமாற்றவும் முடியாது. உங்கள் ஊரில் இதை எப்படிப் பார்ப்பார்கள்?

இன்னொன்று சாப்பாடு. கணவர் எருமைத் தயிர், காத்தான்குடி மஸ்கட் அல்வா, களப்பு நண்டு என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார். எதை எப்போது, எங்கே சாப்பிடலாம் என்று ஊர் ஆட்கள் சொன்னால் பெரிய உதவி.

அமிர்தகழியான்:

தங்கச்சி, முதலில் நாள் கணக்கைச் சொல்கிறேன். ஆடி அமாவாசை 2024இல் ஆகஸ்ட் 4ஆம் திகதி வந்தது, 2025இல் ஜூலை 24. 2026இல் ஆகஸ்ட் 12, புதன்கிழமை. கொடியேறிப் பத்து நாள் திருவிழா, கடைசி நாள் தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர். தீர்த்த நாள் காலையில் வந்து இறங்கி, மத்தியானம் பஸ் ஏறிப் போகிறவர்கள் பலர். அவர்கள் காண்பது சனத்தையும் வெயிலையும் மட்டும்தான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்து சேருங்கள். அன்று பின்னேரம் பிள்ளைகளுக்கு, செவ்வாய் தேர், புதன் காலை மாமாவுக்கு. மாமிக்கும் இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

மாமி சொன்னதைப் பற்றி. நான் கோவிலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். என் அப்பா திருவிழாவில் கச்சான் (வேர்க்கடலை) கடை போட்டவர். பெரிய தாச்சியில் மணலைச் சூடாக்கி, கச்சானைக் கொட்டி, கை ஓயாமல் கிளறிக்கொண்டே இருப்பார். மணலின் சூடு சரியாக இருந்தால் கோது கருகாது, உள்ளே பருப்பு மொறுமொறு என்று வந்துவிடும். சூடு கூடினால் வெளியே நல்ல நிறமாகத் தெரியும், உடைத்தால் கசக்கும். சுண்டால் அளந்து கடதாசிச் சரையில் போட்டுக் கொடுக்கும்போது மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவார். குளத்தில் முழுகி, ஐயரிடம் பிதிர்க்கடன் கொடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு வருகிறவர்களும் அந்தக் கடையில் நின்று பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். யாரும் அதைப் பிழையாக நினைத்ததில்லை. இப்போது அப்பா இல்லை. ஆடி அமாவாசைக்கு நானும் விரதம் இருந்து அதே குளத்தில் அவருக்காக முழுகுகிறேன். முதல் வருடம் அழுகை அடங்கவே இல்லை. அன்று பின்னேரம் என் மகள் காப்புக்கடைக்குக் கூப்பிட்டாள், போனோம். அப்பா இருந்திருந்தால் அவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இதை மாமியிடம் அப்படியே சொல்லுங்கள்.

தீர்த்த நாள் காலையில் வெள்ளென வாருங்கள். குளத்தைச் சுற்றி ஐயர்மார் இருப்பார்கள். அரிசி, காய்கறி, தேங்காய், வாழைப்பழம், எள்ளு, வெற்றிலை பாக்கு வீட்டிலிருந்தே கொண்டுவந்தால் நல்லது, அங்கேயும் விற்பார்கள். மாமாவின் பெயர், நட்சத்திரம் சொல்லி மோட்ச அர்ச்சனையும் செய்யலாம். சுவாமி தீர்த்தத்துக்கு எழுந்தருளும் நேரம் வருடா வருடம் மாறும், கோவில் அறிவித்தலைப் பாருங்கள். இராமர் மணலால் லிங்கம் பிடித்து வழிபட்ட தலம் என்பது எங்கள் தலக்கதை. மகனுக்கு அதைச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

மாலையில் கடைப்பக்கம் போகும்போது அவித்த சோளன், மரவள்ளிப் பொரியல், உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய், கடலை, முறுக்கு எல்லாம் கிடைக்கும். கச்சானை வாங்குவதற்கு முன் ஒன்றை உடைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், எந்தக் கடைக்காரரும் கோபிக்க மாட்டார். கச்சான்காரர்கள் திருவிழாவுக்குத் திருவிழா இடம் மாறுகிறவர்கள். மாமாங்கம் முடிந்தால் மண்டூர், கொக்கட்டிச்சோலை என்று போவார்கள்.

நண்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை வியாழக்கிழமைக்கு வையுங்கள். கொடியேறினால் இங்கே எத்தனையோ வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. கோவிலைச் சுற்றிய கடைகளிலும் மரக்கறிதான் தேட வேண்டும். விரதம் முடிந்த மறுநாள் களப்பு நண்டை வீட்டில் வாங்கிச் சமைப்பதுதான் ருசி. களுவாஞ்சிகுடியில் சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் கையில் விட்டுவிடுங்கள். முருங்கையிலை போட்டுத் தேங்காய்ப்பாலில் வைப்பார்கள்.

காத்தநகர் மகன்:

அக்கா, மஸ்கட் என்று பார்த்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போகிற கல்முனை வீதியில்தான் எங்கள் ஊர். தனியாக அலையத் தேவையில்லை. வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டால் காத்தான்குடி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயே இறங்கலாம்.

மஸ்கட்டைக் கண்ணாடிப் பெட்டியில் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் நிறம் மட்டும்தான். நல்ல மஸ்கட் விரலால் அமத்தினால் உள்ளே போய்த் திரும்பி எழும்ப வேண்டும். வெட்டிய பக்கம் கண்ணாடி போல் பளபளக்க வேண்டும், ஆனால் எண்ணெய் வடியக் கூடாது. உம்மா வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துப் பால் எடுத்து, அதை இரவு முழுக்க வைத்துவிடுவார். விடியும்போது மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடியில் இருக்கும் கெட்டிப் பாலைச் சீனிப்பாகில் விட்டுக் கிண்ட வேண்டும். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார். சட்டியில் ஒட்டாமல் திரண்டு, குடித்த நெய்யைத் திருப்பிக் கக்கும் வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. கடைசியில் கஜு. தோள் விட்டுப்போகும் வேலை. பெருநாளைக்கு முதல் நாள் நாங்கள் அண்ணன் தம்பிமார் மாறி மாறிக் கிண்டுவோம்.

தொதலும் வாங்குங்கள். அரிசி மா, தேங்காய்ப்பால், கருப்பட்டி. வவுனியா வரைக்கும் தாராளமாகத் தாங்கும். வெள்ளிக்கிழமை திரும்புவதாக இருந்தால் ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், காலையிலோ பின்னேரமோ வாருங்கள்.

என் வாப்பாவும் மாமாங்கத்தில் கடை போட்டவர்தான், காப்பும் விளையாட்டுச் சாமானும். கச்சான்காரர்கள் இரவில் எங்கள் சாமானுக்குக் காவல் இருப்பார்கள், வாப்பா அவர்களுக்கு விடியற்காலையில் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார். அமிர்தகழியான் அண்ணன், உங்கள் அப்பாவின் கடை தேர்முட்டிப் பக்கமா? அப்படியென்றால் எனக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

அமிர்தகழியான்:

தம்பி, தேர்முட்டியிலிருந்து கொஞ்சம் தள்ளி, குளத்துப் பக்கம். கட்டாயம் தெரிந்திருக்கும். அந்த நாட்களில் பீங்கான் கடையும் காப்புக்கடையும் போட்டவர்களில் பலர் உங்கள் ஊர்க்காரர்தானே.

வவுனியா மருமகள்:

இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. அமிர்தகழி அண்ணா எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, மாமா கல்யாணம் முடித்த புதிதில் மாமாங்கத்தில் சிவப்புக் காப்பு வாங்கிக் கொடுத்த கதையை அவரே தொடங்கினார். இத்தனை வருடத்தில் அந்தக் கதையை நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதென்று முடிவாகிவிட்டது.

இன்னும் இரண்டு கேள்வி. தயிரை யாரும் சொல்லவில்லையே? மற்றது, முழங்கால் வலியோடு மாமி குளத்தில் இறங்க முடியுமா?

பாண்டிருப்பு டீச்சர்:

குளத்தைப் பற்றி நான் சொல்கிறேன், என் அம்மாவையும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போகிறோம். சனம் நெருங்கும் நேரத்தில் ஈரப்படியில் வயதானவர்களை இறக்கவே வேண்டாம். விடிந்தவுடன் வந்தால் படியில் ஓரமாக இருத்தி, செம்பால் தண்ணீர் அள்ளித் தலையில் விடலாம். அம்மாவுக்கு அதுவே நிறைவு. பிளாஸ்டிக் கதிரை ஒன்று கொண்டு வாருங்கள். ஓட்டோவை ஓரளவுக்கு மேல் விடமாட்டார்கள், கொஞ்சத் தூரம் நடக்க வேண்டிவரும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று, அதுதான் தென்மேற்குக் காற்று, அனல் மாதிரி அடிக்கும். குடை, தண்ணீர் கட்டாயம். வழியில் தாகசாந்திப் பந்தல்களில் மோரும் சர்பத்தும் தருவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் பையில் வைத்திருந்து அதில் வாங்கிக் குடியுங்கள். திருவிழா முடிந்த மறுநாள் அந்த பிளாஸ்டிக் கப் எல்லாம் குளத்தங்கரையில் கிடப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

தயிர் களப்புக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள மாட்டுப் பட்டிகளிலிருந்து வருவது. மண்சட்டியில் உறைந்ததை வாங்குங்கள். சட்டியை இலேசாகச் சரித்தால் தயிர் அசையக் கூடாது, மேலே ஆடை மஞ்சள் தட்டித் தடிப்பாக இருக்க வேண்டும். விரதச் சாப்பாட்டுக்கும் பொருந்தும். காத்தோட்டிக்காய்க் குழம்பின் கசப்புக்கு இந்தத் தயிரை விட்டால் வேறொன்றும் கிடையாது. காத்தோட்டிக்காய் அமாவாசையை ஒட்டித்தான் சந்தையில் கண்ணில் படும், செவ்வாயே வாங்கி வையுங்கள்.

அமிர்தகழி அண்ணனோடு ஒரு விஷயத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. பிள்ளைகளுக்கு ஞாயிறு, மாமாவுக்குப் புதன் என்று பிரிக்க வேண்டாம். புதன் காலையிலும் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டி வாருங்கள். அப்பாவின் கையால் எள்ளும் தண்ணீரும் விடுவதை மகன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

கல்லடிப் பாலத்தில் மீன்பாட்டுக் கேட்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தால், அது பௌர்ணமி இரவுக்குரியது, நீங்கள் வருவது அமாவாசைக்கு. 1924இல் திறந்த பழைய பாலத்தில் நடந்து காற்று வாங்கலாம், அதுவும் நல்ல பொழுதுதான்.

மறுபடி வர முடிந்தால் எங்கள் பக்கம் வாருங்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து தெற்கே வந்தால் மருதமுனை, அடுத்தது பாண்டிருப்பு. புரட்டாதியில் திரௌபதை அம்மனுக்குப் பதினெட்டு நாள் சடங்கு. பாண்டவர் வனவாசம் போகும் நாளில் ஊர் முழுக்க வீதியில் நிற்கும். வீட்டு வாசல்களில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்போம். கடைசியில் தீமிதிப்பு. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் நினைவாகப் பன்னிரண்டு நாள் கொடியேற்றம் நடக்கும். அது பிறைக் கணக்கு என்பதால் ஒவ்வொரு வருடமும் முன்னே நகர்ந்துகொண்டு போகும். அங்கும் இதே கச்சான்காரர்களைக் காண்பீர்கள்.

அமிர்தகழியான்:

டீச்சர் சொன்னது சரி, பிள்ளைகளைப் புதனும் கூட்டி வாருங்கள். சனத்தில் கை விடுபட்டால் என்ன செய்வது என்பதை முதலே பேசி வையுங்கள். அப்பாவின் தொலைபேசி எண்ணை ஒரு துண்டில் எழுதி இரண்டு பிள்ளைகளின் பொக்கற்றிலும் போடுங்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், அந்தப் பந்தல் எங்கே என்று ஞாயிற்றுக்கிழமையே காட்டிக்கொடுங்கள். சில்லறை கையில் வைத்திருங்கள், கடைகளில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை மாற்றுவது கஷ்டம். நகை போட்டு வர வேண்டாம். தங்குவதற்கு நகரில் இப்போதே பார்த்துவிடுங்கள், தேருக்கு முதல் நாள் தேடினால் கிடைக்காது. களுவாஞ்சிகுடியில் தங்குவதாக இருந்தால் இரவு கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு கடைப்பக்கம் போங்கள்.