2008 பல்சர் 150: காபரேற்றரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் போடலாமா?

மல்லாவிப் பெடியன்:

வணக்கம். என்னிடம் இருப்பது 2008 பல்சர் 150. மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து ஏ-34 வழியாக ஒட்டுசுட்டானுக்கு வேலைக்குப் போய் வருகிறேன், கிழமையில் ஆறு நாள். முந்தி லீற்றருக்கு 47 கிலோமீற்றர் ஓடியது, இப்போது 32 கூடத் தாண்டுவதில்லை. எஞ்சின் சூடாக இருக்கும்போது நிப்பாட்டினால் திரும்ப ஸ்டார்ட் வராமல் பத்து நிமிடம் படுத்துகிறது, பிளக் இரண்டும் கரி பிடித்துக் கறுப்பு. கார்த்திகை மழைக்கு நடுவழியில் நின்றும் விடுகிறது. காபரேற்றரை மூன்று தரம் கழுவியாயிற்று.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய காலத்தை நான் மறக்கவில்லை, அதில் மூன்று நாள்தான் வேலைக்குப் போக முடிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு துளி பெற்றோலும் எனக்குக் கணக்கு. வாகன இறக்குமதி திறந்தபிறகும் புதுசு வாங்க என் சம்பளம் போதாது. காபரேற்றருக்குப் பதிலாகக் கம்பியூட்டர் கணக்குப் பார்த்துப் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷன் சாமான்கள், அதாவது த்ரொட்டில் பொடி, இன்ஜெக்டர், பம்ப், ஈசியூ (அந்தக் கம்பியூட்டர்) எல்லாம் இணையத்தில் ஒரு பெட்டியாக விற்கிறார்கள். வாங்கிப் பூட்டினால் இந்தக் கரைச்சல் எல்லாம் தீருமா? யாராவது வன்னிப் பக்கம் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கராஜ் அண்ணை (கிளிநொச்சி):

தம்பி, நீங்கள் சொன்ன பிரச்சினைகள் இரண்டு வேறு விசயம், இன்ஜெக்‌ஷன் போட்டால் அதில் ஒன்று கட்டாயம் அப்படியே இருக்கும். அதை முதலில் சொல்கிறேன்.

மழைக்கு நிற்பது பெரும்பாலும் காபரேற்றர் இல்லை, கரண்ட் ஒழுக்கு. பிளக் கப், ஹை ரென்சன் வயர், இரண்டிலும் வெடிப்பு இருந்தால் ஈரம் பட்டவுடன் நெருப்பு பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் பொடிக்குப் பாயும். இரவில் வெளிச்சம் இல்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, பூக்கன்றுக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிறேயால் கப்பைச் சுற்றி மெல்ல அடித்துப் பாருங்கள், நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கையை வைக்க வேண்டாம். ஈசியூ போட்டாலும் அதே வெடித்த கப்தானே.

கரி பிடிப்பது, சூட்டில் ஸ்டார்ட் வராதது, மைலேஜ் விழுந்தது மூன்றும் சேர்ந்தால் பெற்றோல் கூடப் போகிறது. கழுவினால் இது போகாது, ஏனென்றால் பெற்றோல் போகும் வழி அடைத்தால் பெற்றோல் குறையும், தேய்மானம் இருந்தால் கூடும். மூன்று இடம் பாருங்கள். சோக் பிளஞ்சர் முழுதாக மூடுகிறதா (மூடாவிட்டால் நீங்கள் நாள் முழுக்க சோக் இழுத்தபடி ஓடுகிறீர்கள்). ஃப்ளோட் நீடிலின் (காபரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை மூடும் ஊசி) கூம்பு முனையில் வளையமாகத் தழும்பு விழுந்திருக்கிறதா. மெயின் நீடில் ஏறி இறங்கும் குழாயின் வாய் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா. இத்தனை வருசம் கிரவல் தூசுக்குள் ஓடிய பைக்கில் கடைசியாகச் சொன்னது தேயாமல் இருந்தால்தான் அதிசயம். எயார் ஃபில்டரையும் தட்டிப் போடாமல் மாற்றுங்கள்.

இவ்வளவும் ஒரு நாள் வேலை. அதன் பிறகும் இன்ஜெக்‌ஷன் வேண்டும் என்றால் சந்தோசமாகச் செய்யுங்கள், நானும் வந்து பார்க்கிறேன். ஆனால் பழுதான எஞ்சினில் போட்டால் எது புதுப் பிழை, எது பழைய பிழை என்று உங்களால் பிரிக்க முடியாது.

வயரிங் (வவுனியா):

நான் செய்திருக்கிறேன், பல்சரில் இல்லை, பழைய ஸ்பிளெண்டர் 97 சிசியில். ஆர்டுயினோ மெகா போர்ட்டில் ஓடும் ஸ்பீடுயினோ என்ற திறந்தமூல ஈசியூ. ஓடியது, இப்போதும் ஓடுகிறது, ஆனால் எட்டு மாதம் பிடித்தது. அதில் எஞ்சின் வேலை சின்னப் பங்கு, மிச்சம் எல்லாம் கரண்ட்.

பழைய பைக்கில் மக்னெற் (எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் காந்தம்) கொடுக்கும் கரண்டே கொஞ்சம். ஹெட்லைற் பற்றரியைத் தொடாமல் கொயிலில் இருந்து நேரே எரியும், பற்றரிக்குப் போவது மிச்சம் மீதிதான். இன்ஜெக்‌ஷன் பம்ப் மட்டும் 3 அம்பியர் அளவில் இழுக்கும், அதற்கு மேல் ஈசியூ, இன்ஜெக்டர், ஒக்சிஜன் சென்சரின் ஹீற்றர். நான் முதலில் அப்படியே பூட்டி ஓடினேன், இரவு ஓமந்தை தாண்டும்போது பற்றரி இறங்கி பம்ப் நின்று, கிக் அடித்து அடித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். பிறகு கொயிலின் கரண்ட் முழுதும் பற்றரிக்குப் போகும்படி அதன் ஏர்த்தைப் பிரித்து ஃபுல்வேவ் ரெகுலேற்றர் போட்டு, ஹெட்லைற்றை எல்ஈடி ஆக்கி, பெரிய பற்றரி வைத்த பிறகுதான் நிம்மதி. ஆகவே செய்கிறவர்கள் ஈசியூ வாங்க முதல் சார்ஜிங்கை அளந்து பாருங்கள், ஐடிலில் எத்தனை, 4,000 ஆர்பிஎம்மில் எத்தனை என்று.

அடுத்தது, எஞ்சின் எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ஈசியூவுக்குத் தெரிய வேண்டும். பழைய மக்னெற்றில் ஒரு சுற்றுக்கு ஒரு மேடுதான் உண்டு. ஓடும்போது அது போதும், ஆனால் கிக் அடிக்கும்போது பிஸ்டன் கொம்பிறெசனில் திணறி வேகம் ஏறி இறங்கும், ஒரு துடிப்பை வைத்து ஈசியூ ஊகித்தால் பிழைக்கும். நான் 12 பல்லில் ஒன்றை வெட்டிய வளையம் செய்து பூட்டினேன், லேத் வேலை சரியாக மையத்தில் வர மூன்று தரம் திருப்பிச் செய்தோம். இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மப் சென்சரிலும் இதே கதை. ஒற்றைச் சிலிண்டரில் இன்டேக் வெற்றிடம் ஒரு சீராக இருக்காது, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் விழுந்து எழும், ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் மிகக் குறைந்த அளவை எடுக்கும்படி அமைக்க வேண்டும்.

இன்ஜெக்டர் பெரிதாக வாங்காதீர்கள். நான் காரினுடையதைப் போட்டேன், ஐடிலில் ஒரு மில்லி செக்கனுக்கும் குறைவாகத் திறக்க வேண்டி வந்தது, அந்தச் சின்ன நேரத்தில் இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விடாது, எஞ்சின் விக்கியது. 150 சிசிக்கு நிமிடத்துக்கு 100 முதல் 140 மில்லிலீற்றர் விடும் சிறிய இன்ஜெக்டர் போதும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். காபரேற்றருக்கு வரும் சாதாரணக் குழாயை பம்ப்புக்குப் பிறகு போடாதீர்கள். அங்கே 3 பார் அழுத்தம். சூடான சைலன்ஸருக்கு மேலே அது பிய்ந்தால் நீங்கள் இருப்பது பெற்றோல் தாங்கிக்கு மேலே. இன்ஜெக்‌ஷனுக்கென்று வரும் குழாயும் அதற்குரிய கிளிப்பும்தான். தாங்கியில் ரிற்றேன் லைனுக்கு (மிஞ்சும் பெற்றோல் திரும்பி வரும் குழாய்) ஓட்டை போட வெல்டிங் என்றால், பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டால் போதாது, ஆவிதான் வெடிக்கும். கழுவித் தண்ணீர் நிரப்பிக் கொடுங்கள்.

மைலேஜ்? எனக்கு 58இலிருந்து 63. மலையேறும் ஊரில், விடியக் குளிரும் ஊரில் இன்ஜெக்‌ஷனின் அருமை தெரியும், காற்று மாற மாற அது தானே பெற்றோலைத் திருத்திக்கொள்ளும். வன்னியில் மலையும் இல்லை, குளிரும் இல்லை. செலவழித்த காசை பெற்றோலில் திரும்பப் பிடிக்கலாம் என்று யாரும் இறங்க வேண்டாம். நான் படிக்கத்தான் செய்தேன், படித்தேன்.

முறிகண்டி ஐயா:

பிள்ளைகள் கதைப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த 90களில் வன்னிக்குள் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வைத்த சாமான். சில துளியைக் காபரேற்றர் வாய்க்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால்தான் அந்தத் துளி. பிளக்கைக் கழற்றித் துடைக்காத நாள் இல்லை. அந்த வருசங்களில் காபரேற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டத் தெரியாத பெடியன் எங்கள் ஊரில் இருக்கவில்லை.

தம்பி, இப்போதும் உள் ஊர்களில் கடையில் போத்தல் பெற்றோல்தான். அதில் தண்ணீரும் இருக்கும், சிலவேளை மண்ணெண்ணெயும் இருக்கும். காபரேற்றர் என்றால் கீழே இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுப் போய்விடலாம். இன்ஜெக்டருக்கு அதே தண்ணீர் போனால் நடுக்காட்டில் என்ன செய்வாய்? மல்லாவியில் அதைத் திருத்த ஆள் வரும்வரை நான் பொறுத்திருப்பேன்.

மல்லாவிப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கராஜ் அண்ணை சொன்னபடி பிரித்தேன். சோக் பிளஞ்சரின் ரப்பர் முனை உரிந்து பாதிதான் மூடியபடி இருந்தது. ஃப்ளோட் நீடிலில் தழும்பு நகத்துக்கே தட்டுப்படுகிறது. இரவில் தண்ணீர் அடித்துப் பார்த்தேன், வலப்பக்கக் கப்பில் பொறி பாய்ந்தது, அம்மாவும் வந்து நின்று பார்த்தா. மூன்றையும் மாற்றியாயிற்று. இரண்டு தாங்கி ஓடி அளந்ததில் 44. நீடில் குழாய் இன்னும் மாற்றவில்லை, சாமான் வரவேண்டும்.

ஆனால் ஆசை போகவில்லை. வவுனியா அண்ணை, நான் இந்த பைக்கைத் தொடாமல் ஒரு பழைய எஞ்சினை மேசையில் பூட்டிப் பழகலாம் என்று நினைக்கிறேன். அந்த 12 பல் வளையத்தின் அளவு தர முடியுமா?

வயரிங் (வவுனியா):

உன் எஞ்சினின் மக்னெற் விட்டம் வேறு, என் அளவு பொருந்தாது தம்பி. வேர்னியரால் அளந்து இங்கே போடு, படம் கீறித் தருகிறேன். வெட்டிய பல்லை மேல்முனைக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) நேரே வைக்காதே, கொம்பிறெசனில் வேகம் குறையும் இடம் அது, ஈசியூ அங்கேதான் குழம்பும். சென்சருக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றருக்குள் இடைவெளி விடு.