மண்ணெண்ணெயில் ஓடின எம்டி 90, வாங்க நினைக்கும் மின்சாரக் கார்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கோ

கோண்டாவில்

அப்பாவின் எம்டி 90 மோட்டார் சைக்கிள் இப்பவும் என்னிட்ட இருக்குது. ஜப்பானில் தபால்காரருக்கென்று ஹொண்டா 1971இல் செய்யத் தொடங்கின இனம். 89 சிசி, மூன்று கியர், கிளச் பிடிக்கத் தேவையில்லை. எங்கட வீட்டுக்கு வரேக்கையே அது பழசுதான்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, பொருளாதாரத் தடையோட யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வாறது நின்றது. கறன்ரும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைத்துக் கையால் பெடலைச் சுத்தி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். அப்பா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஸ்ராட் எடுக்க மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேணும். ஒரு சின்ன மருந்துப் போத்தலில் அதை வைத்திருப்பார். போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்ர வேலை. எனக்கு அப்ப ஒன்பது வயது. சேலைன் குழாய்த் துண்டால் காபரேட்டருக்குள் நாலைந்து சொட்டு விடுவார், இரண்டு உதை உதைப்பார், எஞ்சின் பிடிக்கும். பேந்து அது சூடேறி மண்ணெண்ணெய்க்கு மாறும்வரை திறொட்டிலை விடமாட்டார். பின்னால் புகை ஒழுங்கையை மூடிவிடும். கடையில் இறங்கிச் சாமான் வாங்கினாலும் எஞ்சினை நிற்பாட்ட மாட்டார். நிண்டால் இன்னும் நாலு சொட்டுப் பெற்றோல் போகுமே!

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோட கலக்கும். ஒயில் தண்ணியாகிப் போனால் எஞ்சின் உள்ளுக்குள் தேயும். அதனால் பின்னேரங்களில் அப்பா ஒயில் குச்சியை எடுத்து, நுனியில் நிற்கிறதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். விரலைப் பிரித்து நூல் மாதிரி இழுபடுதோ என்று பார்ப்பார். பேந்து மணப்பார். “மண்ணெண்ணெய் மணம் வந்திட்டுது. நாளைக்கு மாத்தோணும்.” மீற்றர் ஒன்றும் இல்லாமல் ஒரு எஞ்சினுக்குள் என்ன நடக்குது என்று அறியிற வழியை நான் அப்பதான் கண்டேன்.

இப்ப மண்ணெண்ணெய் பிரச்சினை இல்லை, ஆனால் அந்தப் பழக்கம் விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருக்கால், ஞாயிறு விடிய, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்து இருக்கேக்க வால்வு இடைவெளி பார்ப்பேன். பிளைவீலில் T எழுத்தைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, இரண்டு வால்வும் மூடியிருக்குதோ என்று ஆட்டிப் பார்த்து, இடைவெளி அளக்கிற 0.05 மில்லிமீற்றர் இலையை உள்ளே விடவேணும். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய இலை அது. இழுக்கேக்க லேசாய்ப் பிடிக்கவேணும், சிக்கக் கூடாது. பொயின்ற், அதாவது திறந்து மூடி நெருப்புப் பொறி விழவைக்கிற தொடுமுனை, அதின்ர இடைவெளி 0.3க்கும் 0.4 மில்லிமீற்றருக்கும் இடையில். இந்தப் பொயின்ற்தான் இப்ப பெரிய தொல்லை. கடையில் கிடைக்கிற கொப்பிச் சாமானில் சுத்துற காமில் உரசுற அந்தச் சின்னக் குதி கெதியில் தேய்ந்துவிடும். தேய்ந்தால் இடைவெளி குறையும், நெருப்புப் பிந்தும், ஏத்தத்தில் வண்டி மூச்சு வாங்கும். கனபேர் அதுக்குக் காபரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டு இருக்கினம். முதலில் பொயின்றைப் பாருங்கோ. குதிக்குக் கிறீஸ் பூசுறதையும் மறக்காதேங்கோ, ஒரு பொட்டுப் போதும்.

2022இல் திரும்ப எரிபொருள் வரிசை வந்தது. எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். எம்டி 90க்கு அது தாராளம். ஆனால் அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகக் கார் இல்லாமல், ஓட்டோவுக்கும் பெற்றோல் இல்லாமல் நின்ற நாட்களில்தான் மின்சாரக் கார் எண்ணம் வந்தது. இனி ஒருத்தரிட்டையும் எரிபொருளுக்குக் கையேந்தக் கூடாது என்று நினைத்தேன். அம்மாவுக்கு இப்ப ஓட்டோவில் ஏறி இறங்கவும் ஏலாது. என்ர ஓட்டம் சாவகச்சேரிக்கு வேலைக்குப் போய்வாறது, நாளுக்கு 35 கிலோமீற்றருக்குக் கிட்ட. கொழும்புக்குப் பஸ்ஸில் போவேன், அதுக்குக் கார் வேண்டாம்.

போன மாதம் கொழும்புப் பக்கம் 24 கிலோவாற்-மணிப் பற்றரி உள்ள ஒரு பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் பார்க்கப் போனேன். வெளியால் பளபளவென்று இருந்தது. திரையெல்லாம் ஜப்பான் எழுத்து. பற்றரி நலத்தைக் காட்டுகிற 12 கட்டமும் நிறைய இருந்தது. விற்கிறவர் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். “ஒருக்கால் ஓடிப் பார்ப்பம்” என்றேன். 100 வீதத்தில் வெளிக்கிட்டு, ஏசி போட்டு, 24 கிலோமீற்றர் ஓடித் திரும்ப 66 காட்டினது. கணக்குப் பார்த்தால் முழுச் சார்ஜில் 70 கிலோமீற்றர்தான். நல்ல பற்றரி என்றால் 110, 120 ஓடவேணும். கட்டம் 12, ஓட்டம் 70. ஒயிலை விரலில் தேய்க்கிற மாதிரி இதுக்கு ஒரு வழி இல்லையோ என்று யோசித்துக்கொண்டே இரவு பஸ் ஏறினேன். வைத்திருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

வெள்ளவத்தை

அண்ணை, நீங்கள் தப்பிவிட்டீங்கள். 2016 முதல் லீஃப் ஓடுகிறேன், அந்த 12 கட்ட விளையாட்டு எனக்குத் தெரியும். காரின் கணினியில் பற்றரிக் கணக்கை அழித்துவிட்டால் அது புதுப் பற்றரி என்று நினைத்து 12 கட்டமும் காட்டும். கொஞ்ச நாள் ஓட ஓடக் கட்டங்கள் தானாக விழும், அதுக்குள்ள விற்றுவிடுவார்கள். அதனால் கட்டத்தைப் பார்க்காதேங்கோ, நீங்கள் செய்த மாதிரி ஓடித்தான் பார்க்கவேணும்.

விரலில் தேய்க்கிற வழி இருக்குது. ஸ்ரியறிங்குக்குக் கீழே காரின் கணினியோட பேசுற ஓபிடி துளையில், போனுக்குத் தகவல் அனுப்புற ஒரு சின்ன டொங்கிளைச் செருகி, போனில் லீஃப்ஸ்பை செயலியைத் திறந்தால் பற்றரிக்குள் இருக்கிற 96 சோடிச் செல்களின் வோல்ற்றும் வரிசையாய் வரும். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கவேணும். ஒன்று இரண்டு மட்டும் பள்ளமாய் விழுந்து நின்றால் அந்தக் காரை விடுங்கோ. இதைச் சார்ஜ் நிறைந்திருக்கேக்க பார்த்துப் பிரயோசனமில்லை. 20 வீதத்துக்குக் கீழே இறங்கேக்கதான் பலவீனமான செல் தன்னைக் காட்டும்.

லீஃபில் பற்றரியைக் குளிர்விக்க ஏற்பாடு ஒன்றும் இல்லை, வெளிக்காத்துத்தான். எங்கட வெயிலுக்கு அது கூடாது. என்ர காரை நான் எப்பவும் நிழலில் விடுவேன், ஓடி வந்த சூட்டோட சார்ஜில் போடமாட்டேன், இரவு பத்து மணிக்குப் பிறகுதான். அப்படியும் மூன்று கட்டம் போயிட்டுது. 2025 மாசியில் இறக்குமதி திறந்த பிறகு வாற சீனாவின் பிவைடி மாதிரிக் கார்களில் குளிர்விப்பும் இருக்குது, செல்லின் இரசாயனமும் வேறை, லிதியம் இரும்புப் பொஸ்பேற். காசு இருந்தால் அதுதான் என்ர தெரிவு.

இன்னொன்று. காருக்கு அடியில் இருக்கிற பெரிய பற்றரி நிறைய இருந்தாலும், முன்னுக்கு இருக்கிற சின்ன 12 வோல்ற் பற்றரி செத்தால் கார் எழும்பாது. எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது. மூன்று, நாலு வருஷத்தில் யோசிக்காமல் மாத்துங்கோ.

கோப்பாய்

சார்ஜ் பண்ணுற விஷயத்தில் என்ர அனுபவம். கார் வந்த அன்றைக்கு இரவு கேபிளைச் செருக, கேபிளோட வாற சார்ஜர் பெட்டியில் சிவப்பு லைற் மின்னிக்கொண்டே இருந்தது, சார்ஜ் ஏறவில்லை. கேபிள் பழுது என்று நினைத்து இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் வயறிங் செய்கிற ஐயா ஒருத்தர் வந்து, காரைத் திரும்பியும் பார்க்காமல் நேரே வீட்டின் ஏர்த் கம்பியை, கறன்ற் கசிந்தால் நிலத்துக்குள் இறக்குற கம்பியைப் போய்ப் பார்த்தார். “தம்பி, இது ஏர்த் இல்லை, வெறும் கம்பி” என்றார். அந்தப் பெட்டி ஏர்த் சரியில்லாவிட்டால் கறன்ரை விடாதாம். பிறிஜ்ஜும் பம்மும் இத்தனை வருஷம் அந்த ஏர்த்தோடதான் ஓடினது என்று நினைக்க எனக்கு நெஞ்சு பதறினது.

எங்கட நிலம் தெரியும்தானே, ஒரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். கம்பி இறங்காது, வெயில் காலத்தில் மண் காய்ந்து ஏர்த்தும் பிடிக்காது. ஐயா கிணத்தடியில், குளிக்கிற தண்ணி ஓடி வாழைப்பாத்திக்குப் போகிற இடத்தில் தோண்டச் சொன்னார். அங்கே எப்பவும் ஈரம். அன்றைக்கு இரவே பச்சை லைற் வந்தது. கோண்டாவில் அண்ணை, கார் வாங்க முதல் ஏர்த்தைப் பாருங்கோ. சார்ஜுக்கென்று மெயின் போட்டில் இருந்து தனி வயர் இழுங்கோ. பழைய பிளக்கில் ஏழெட்டு மணித்தியாலம் போட்டால் உருகிவிடும், எங்கட வீட்டில் ஒன்று உருகினது.

கிளிநொச்சி

கையேந்தக் கூடாது என்று எழுதினதை வாசித்தேன். நானும் அதே எண்ணத்தோட 2019இல் கூரைக்குச் சோலார் போட்டேன். 2022 பங்குனி 31, நாட்டில் 13 மணித்தியாலம் கறன்ற் இல்லை. நடு மத்தியானம், கூரையில் கொளுத்துற வெயில், வீட்டுக்குள் பான் சுத்தவில்லை. கறன்ற் லைனோட இணைத்த சோலார், லைனில் கறன்ற் போனால் தானும் நிண்டுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவருக்குக் கறன்ற் அடிக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கினம், அது நியாயமானதுதான். ஆனால் விற்றவர் அதை எனக்குச் சொல்லவில்லை. சோலாரை நம்பிக் கார் வாங்கிறது என்றால் வீட்டுக்கும் பற்றரி வைத்த இன்வேட்டர் வேணும், அது தனிச் செலவு. இதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

கோண்டாவில்

எல்லாருக்கும் நன்றி. கோப்பாய்த் தம்பி சொன்னதும் போய்ப் பார்த்தேன். எங்கட ஏர்த் கம்பி துருப்பிடித்து மண்ணுக்கு மேலேயே அறுந்து கிடக்குது. கார் வருதோ இல்லையோ, நாளைக்கு ஆள் வாறார், கிணத்தடியில்தான் தோண்டுறது.

புது பிவைடி எனக்கு எட்டாது. சோலாரும் இப்ப இல்லை. லைன் கறன்ரை நம்பித்தான் இருக்கவேணும் என்று விளங்குது. எம்டி 90ஐ வைத்துக்கொண்டே, நாளுக்கு 35 கிலோமீற்றருக்கும் அம்மாவுக்கும் போதுமான ஒரு லீஃப், உண்மையாய் 90 ஓடினால் எனக்குச் சரி. வவுனியாவில் ஒன்று இருக்குதாம். சனிக்கிழமை போறேன். டொங்கிளுக்குச் சொல்லிவிட்டேன். 20 வீதத்துக்குக் கீழே இறங்கும்வரை ஓடிப் பார்க்க விடுவீங்களோ என்று விற்கிறவரிட்டப் போனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வாங்கோ, விடியவே வாங்கோ” என்றார்.