தாய்லாந்து போகும் குழுவுக்கு எச்.ஐ.வி. பற்றி என்ன எழுதிக் கொடுப்பது?

கேள்வி
பாங்காக், பட்டாயா போகிற குழுக்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். ஆணுறை என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் "பார்த்தா நல்லாத்தானே இருக்காங்க" என்ற பேச்சும் கூடவே வருகிறது. ஆணுறை கிழிந்தாலோ, போதையில் போடாமல் விட்டாலோ அடுத்து என்ன செய்ய வேண்டும்? மருந்து, நேரம், பரிசோதனை மூன்றும் தெளிவாக வேண்டும்.

மறுமொழி 1
முதல் வரியிலேயே "72 மணி நேரம்" என்று பெரிதாகப் போடுங்கள். பெப் எனும் தடுப்பு மருந்தை அதற்குள் தொடங்கியாக வேண்டும். சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. வைரஸ் உடலில் வேரூன்றிவிட்டால் பெப்பால் அதை வெளியேற்ற முடியாது. வெள்ளி இரவு நடந்ததை வெட்கப்பட்டு மறைத்து, செவ்வாயன்று ஊர் திரும்பி டாக்டரிடம் போனால் கெடு முடிந்திருக்கும். ஆகவே அங்கேயே போகச் சொல்லுங்கள். பாங்காக் ராஜதம்ரி சாலையில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் மையம் 1991 முதல் பெயர் கேட்காமல் பரிசோதனை செய்கிறது. நடுராத்திரி என்றால் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

இந்தியாவில் பெப்புக்குத் தருவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, 28 நாள். பலரும் குமட்டல் என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. மீதி நாள் மருந்துக்கு ஊர் திரும்பியதும் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகலாம். சிறுநீரகக் கோளாறோ ஹெபடைடிஸ் பி-யோ இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மறுமொழி 2
பரிசோதனையில்தான் பெரிய குழப்பமே. மறுநாள் காலை 'நெகட்டிவ்' வந்தால் பழைய தொற்று இல்லை என்றுதான் பொருள். நேற்றைய இரவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வைரஸின் கூறையும் அதற்கு எதிரான எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு ரத்தநாளத்தில் ரத்தம் எடுத்தாலும், புதிய தொற்று அதில் தெரிய 45 நாள் வரை ஆகலாம், விரல்நுனி விரைவுச் சோதனையில் தெரிய 90 நாள் வரை. பெப் எடுத்தவர்கள் 6 வாரத்திலும் 3 மாதத்திலும் பார்க்க வேண்டும். அதுவரை வீட்டிலும் ஆணுறை கட்டாயம். இந்த இடைவெளியில் மனைவிக்குத் தொற்றிவிடக் கூடும், இதைத் தயவுசெய்து அழுத்தி எழுதுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். சந்தேகம் கேட்க உதவி எண் 1097.

மறுமொழி 3
மசாஜ் எண்ணெயையும் சேருங்கள். எண்ணெய் பட்ட கையோடு லேட்டக்ஸ் ஆணுறையைத் தொட்டால் சில நிமிடத்திலேயே அது பலமிழந்து கிழியும். தேங்காய் எண்ணெய், வாஸ்லினும் அப்படித்தான். தண்ணீர் அடிப்படையிலான ஜெல்தான் சரி.

ஆளைப் பார்த்து நோயைச் சொல்லவே முடியாது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவில் தொற்று பரவாது. பயப்பட வேண்டியது பரிசோதனையே செய்யாதவரிடம்.

கேள்வி கேட்டவர்
நன்றி. குழுவில் சர்க்கரை நோயாளிகள் நிறைய. பெப்போடு ஏதாவது மோதுமா?

மறுமொழி 1
மோதும். பெப் மாத்திரையில் உள்ள டொலுடெக்ராவிர், ரத்தத்தில் மெட்ஃபார்மின் எனும் சர்க்கரை மருந்தின் அளவை ஏற்றிவிடும். பொதுவாக மெட்ஃபார்மினை நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் போகாமல் டாக்டர் குறைத்துத் தருவார். ஜெலுசில் மாதிரி நெஞ்செரிச்சல் மருந்து குடிப்பவர்கள் அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ பெப் மாத்திரையைப் போட வேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது.