முதல் டெலஸ்கோப்: 30,000 ரூபாய்க்குள் பார்க்கவும் வேணும், படம் எடுக்கவும் வேணும்

மொட்டைமாடி:
கோவை, வீட்டு மொட்டைமாடிதான் இடம். மேற்கே தெருவிளக்கு. பட்ஜெட் 30,000. சனியின் வளையம், வியாழன், நிலா பார்க்கணும். ஓரியன் நெபுலாவைப் படமும் எடுக்கணும். கையில் கேனான் கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ட்ரைபாட் இருக்கு. "525 மடங்கு" என்று போட்ட 114 மி.மீ. ரிஃப்ளெக்டர் (கண்ணாடி வச்ச டெலஸ்கோப்), ஈக்வடோரியல் மவுண்டோட (வானம் சுழல்றதுக்கு ஏத்தபடி திரும்புற தாங்கி) ஆன்லைன்ல பார்த்தேன். டாப்சோனியன்ல (மேல கீழ, பக்கவாட்டில் கையால் திருப்புற எளிய தாங்கி) படம் எடுக்க முடியாதுங்கறாங்க. இதை வாங்கலாமா?

குவியம்:
வேண்டாம். பெட்டியில் மடங்கைப் பெரிசா அச்சடிச்சிருந்தாலே ஒதுங்கிடுங்க. கண்ணாடியின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்குங்க, அதுதான் உச்சவரம்பு. 114-க்கு 228, அதுவும் காற்று அசையாத ராத்திரியில. இன்னொண்ணையும் கவனிங்க: குழாய் அரை மீட்டர்தான் இருக்கு, குவியத்தூரம் மட்டும் 1000 மி.மீ.ன்னு போட்டிருந்தா, ஐபீஸை (கண் வச்சுப் பார்க்கிற லென்ஸ்) முன்பின் நகர்த்துற ஃபோகஸர் குழாய்க்குள்ள ஒரு லென்ஸை வச்சு நீட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அதைக் காலிமேஷன் பண்றது (கண்ணாடிகளை நேர்ப்படுத்துறது) பெரிய தலைவலி.

உங்க தொகைக்கு 130 மி.மீ., எஃப்/5 (குவியத்தூரம் விட்டத்தைப் போல 5 மடங்கு) டேபிள்டாப் டாப்சோனியன், அதாவது மேஜை மேல வைக்கிறது, பாருங்க. கண்ணாடி பாரபோலிக்தானான்னு (பரவளைய வடிவமான்னு) கேட்டு வாங்குங்க. எஃப்/5-ல கோளக் கண்ணாடி வந்தா கிரகம் கூர்மையாவே வராது. குவியத்தூரம் 650. கூட வர்ற 25, 10 மி.மீ. ஐபீஸில் 26, 65 மடங்கு கிடைக்கும். வளையம் 65-லேயே பிரிஞ்சு தெரியும். மிச்சக் காசுல கோல்ட்லைன்னு புழங்குற 66 டிகிரி பார்வைப்பரப்புள்ள 6 மி.மீ. ஐபீஸ் ஒண்ணு, 108 மடங்கு. 2025 மார்ச்சில் வளையம் விளிம்பைக் காட்டி கோடு மாதிரி நின்னுச்சு, இனி வருஷா வருஷம் விரியும்.

டேபிள்டாப்புக்கு மேஜை உங்க பொறுப்பு. பிளாஸ்டிக் நாற்காலி மேல வச்சா தொட்டதுக்கெல்லாம் ஆடும். கனமான மூணு கால் மர ஸ்டூல் போதும். குழாய் பாதி திறந்திருக்கிற மாடலா இருந்தா, தெருவிளக்கு நேரா உள்ளே வரும். கருப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி திறந்த பகுதியைச் சுத்தி மூடுங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

தென்வானம்:
ஈக்வடோரியல் பத்தி ஒரு விஷயம், வெளிநாட்டு வீடியோக்களில் இது வராது. அதோட அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைக்கணும், அந்த நட்சத்திரம் நம்ம அட்சரேகை அளவுக்குத்தான் உயரும். கோவைக்கு 11 டிகிரி. பாதி வீடுகளில் எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டியே மறைச்சிடும். மவுண்டோட அச்சு கிட்டத்தட்ட படுத்த நிலையில இருக்கணும். மலிவு மவுண்ட்ல உயரம் திருத்துற போல்ட் அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் எதிர்எடைக் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். 11 டிகிரிக்கு இறங்குமான்னு கடையில் கேட்காம எந்த ஈக்வடோரியலும் வாங்காதீங்க.

இதே அட்சரேகையில் லாபமும் இருக்கு. ஏப்ரல், மே ராத்திரியில் ஒமேகா சென்டாரிங்கற நட்சத்திரக் கொத்து தெற்கே சுமார் 31 டிகிரி உயரம் வரும். லண்டன்ல அது உதிக்கிறதே இல்லை. 25 மி.மீ. ஐபீஸ் போட்டுப் பாருங்க.

மாடி கான்கிரீட் பகல் சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும், 10 மணிக்கு முன்னாடி கிரகம் கொதிக்கிற மாதிரி தெரிஞ்சா டெலஸ்கோப்பைத் திட்டாதீங்க. அரை மணி நேரம் முன்னாடியே வெளியே வச்சிடுங்க. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பையோட மூடி வைங்க, இல்லைன்னா ஐபீஸில் பூஞ்சை வரும்.

ஸ்டாக்கிங்பித்தன்:
படத்துக்கு உங்ககிட்ட இருக்கிற 50 மி.மீ. லென்ஸே போதும். ஓரியன் முழுசா ஃப்ரேமுக்குள்ள அடங்கும். எஃப்/2.8-க்குக் குறைச்சுக்கோங்க, 1.8-ல ஓரத்து நட்சத்திரத்துக்கு இறக்கை முளைக்கும். ஐஎஸ்ஓ 1600, 4 விநாடி, ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலப் படம்), 150 ஷாட்; அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கணும். அதுக்கு மேல விநாடி கூட்டினா நட்சத்திரம் கோடாகும். லைவ் வியூவை 10 மடங்கு பெரிசாக்கி ஓரியனோட பிரகாசமான ரைஜல் நட்சத்திரத்தில் மேனுவல் ஃபோகஸ் வச்சு, ஃபோகஸ் வளையத்தில் டேப் ஒட்டிடுங்க. ஓரியன் நகர்ந்துட்டே போகும், 30, 40 ஷாட்டுக்கு ஒருமுறை நடுவுக்குக் கொண்டுவாங்க. முடிச்ச கையோட லென்ஸ் மூடியைப் போட்டு அதே செட்டிங்ல 20 டார்க் ஃப்ரேம் (சென்சார் இரைச்சலைக் கழிக்க எடுக்குற இருட்டுப் படம்); மறுநாள் எடுத்தா சென்சார் வெப்பம் மாறிடும், பிரயோஜனமில்லை. படங்களை அடுக்குற டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருள் இலவசம். நெபுலா சின்னதா இருந்தாலும் இளஞ்சிவப்பு கண்டிப்பா வரும்.

மொட்டைமாடி:
நன்றி அண்ணா. டி-ரிங் (கேமராவை டெலஸ்கோப்போட இணைக்கிற வளையம்) வாங்கி கேமராவை அந்த 130-லேயே மாட்ட முடியாதா?

ஸ்டாக்கிங்பித்தன்:
மாட்டலாம், ஆனா ஃபோகஸ் எட்டாது தம்பி. டி-ரிங் முகப்பிலிருந்து சென்சார் 55 மி.மீ. பின்னாடி இருக்கு, ஃபோகஸர் அவ்வளவு உள்ளே போகாது. இடையில 2 மடங்கு பார்லோ (குவியத்தூரத்தை இரட்டிப்பாக்குற லென்ஸ்) போட்டா எட்டும். அப்போ 1300 மி.மீ., எஃப்/10: நிலாவுக்குச் சரி, சென்சார்ல 12 மி.மீ. அளவுக்கு விழும். பௌர்ணமிக்கு ஐஎஸ்ஓ 100, 1/125 விநாடியில் ஆரம்பிங்க. நெபுலாவுக்கு ஆகாது. பார்லோ இல்லாத 650 மி.மீ.யிலேயே ஓரியன் பக்கம் ஒரு விநாடியில் நட்சத்திரம் சுமார் 12 பிக்சல் ஓடும், 1300-ல அது இரட்டிப்பு. கேமரா எடையில் ஃபோகஸர் சாயுதான்னும் பாருங்க. சாய்ஞ்சா நிலாவையும் ஐபீஸில் மொபைல் அடாப்டர் மாட்டியே எடுத்துடுங்க.